மங்கில் உறைந்த பால்

  பின்வரிசைகளில் பள்ளிச் சீருடையோடு நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்கானது. பெரியவர்கள் உடனிருந்து கேட்க வேண்டுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள். இரண்டிலும் இருப்பது ரப்பர் பால். இன்று காலை ஜாசினுக்கு அருகே சொந்தமாகச் சில ஏக்கர் மரம் வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்கி வந்தேன். வலப்பக்கக் குவளையில் இருப்பதற்கு மரத்தடியிலேயே கொஞ்சம் அம்மோனியாக் கரைசல் கலந்துவிட்டேன். இடப்பக்கத்தில் இருப்பதை எதுவும் கலக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது இந்த இடப்பக்கக் குவளையில் சமையல் வினிகரைத் தண்ணீர் சேர்த்து ஊற்றிக் கலக்குகிறேன். அவ்வளவுதான். இரண்டும் இப்படியே இருக்கட்டும். நாம் பேசி முடித்துவிட்டு இவற்றிடம் திரும்பி வருவோம்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேதியியல் ஆசிரியராக இருந்த காலத்தில், நான்காம் படிவத் தேர்வு ஒன்றில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பருப்பொருளின் நிலைமாற்றத்துக்கு உன் வீட்டைச் சுற்றி நடக்கும் ஓர் எடுத்துக்காட்டு தருக என்பது கேள்வி. எல்லாரும் ஐஸ் உருகுவதையும் தண்ணீர் கொதிப்பதையும் எழுதினார்கள். அசகான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவன் மட்டும், மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், ரப்பர் பால் உறைவதை எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் தவறு என்று குறித்தேன். தாளை வாங்கிக்கொண்டு போனவன் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றான். “சார், காலையில எங்கம்மா வெட்டும்போது பாலு தண்ணியாத்தானே வடியுது? மறுநாள் போய்ப் பார்த்தா மங்குல கட்டியா இருக்கு. நிலை மாறலேன்னா வேற என்ன சார் மாறிச்சு?” என்று கேட்டான்.

வெப்பத்தை எடுத்தாலோ கொடுத்தாலோ நடப்பதுதான் நிலைமாற்றம், இது அப்படியில்லை என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது சரிதான். ஆனால் என்ன மாறவில்லை என்பதைத்தான் சொன்னேன். அவன் கேட்டது என்ன மாறியது என்று. நானும் தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பால் சுமக்கும் காண்டா வாளியின் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவன். அவன் கேள்வி எனக்கே முன்பு தோன்றியிருக்க வேண்டும். அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இன்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

இந்தக் கேள்வியை மலாக்காவில் கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. வந்தும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு அவற்றைத் தோட்டப் பயிராக யாரும் நம்பவில்லை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, சந்தித்த தோட்டக்காரர்களிடமெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டுத் துணிந்தவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு அசகானில் அதைவிடப் பல மடங்கு பெரிய பரப்பில் நட்டார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து இந்த மாநிலத்தில் பால் வெட்டிய கதை அதற்குப் பிறகு விரிகிறது. உலகம் முழுக்க டயராகவும் குழாயாகவும் போன பொருள், நம் லயத்து வாசலில் வாளியில் ததும்பிய பொருள். அதன் வேதியியலை நம் பிள்ளைகள் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

சரி, பாடத்துக்கு வருவோம். இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உடையதும் பருப்பொருள். அதற்குத் திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகள். தமிழ்ப் பள்ளியில் இப்படிப் படித்தீர்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதே பொருள் மலாயில் ஜிரிம் ஆகிவிட்டது. பெபெஜால், செச்சாயர், காஸ் என்று படிக்கிறீர்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான்: எல்லாம் துகள்களால் ஆனவை, அந்தத் துகள்கள் ஓயாமல் அசைகின்றன. திடத்தில் நெருக்கமாக அடுக்கப்பட்டு நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. திரவத்தில் நெருக்கம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று வழுக்கிக்கொண்டு நகரும். வாயுவில் பிரிந்து பறக்கும். எவ்வளவு பிரிந்து? 18 கிராம் தண்ணீர் 18 மில்லிலிட்டர், இரண்டு மேசைக்கரண்டியை நிரப்பாது. அதையே 100 பாகையில் நீராவியாக்கினால் சுமார் 30 லிட்டர். ஒரு பெரிய வாளியே கொள்ளாது. துகள்கள் பெருக்கவில்லை, இடைவெளிதான் பெருத்தது.

அந்த 100 பாகையும் நிலையானதல்ல. ஜாசின் பக்கத்திலிருந்து பார்த்தால் கிழக்கே லேடாங் மலை தெரியும், உயரம் 1,276 மீட்டர். அதன் உச்சியில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். மேலே அழுத்தும் காற்று அங்கே குறைவு என்பதால் துகள்கள் தப்பிப் போவது எளிது.

நிலைமாற்றத்துக்கு என் மனத்துக்குப் பிடித்த எடுத்துக்காட்டு சூடம். மாசி மகத்துக்குச் செங்கில் உள்ள சன்னாசிமலைக்குப் போகிறவர்கள் சூட டப்பா வாங்கிப் போவீர்கள். மூடியைச் சரியாகப் போடாமல் மறந்துவிட்டால், சில மாதம் கழித்துக் கட்டிகள் சிறுத்துப் போயிருக்கும். ஈரம் இல்லை, சாம்பல் இல்லை. திடத்திலிருந்து துகள்கள் நேராகக் காற்றில் கலந்துவிட்டன. அதன் பெயர் பதங்கமாதல். அதே சூடத்தைத் தட்டில் ஏற்றினாலும் மிச்சமில்லாமல் மறைகிறது. ஆனால் அந்த மறைவு வேறு வகை. எரிந்த சூடம் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிப் போயிற்று, திரும்பவே திரும்பாது. டப்பாவில் மறைந்த சூடம் சூடமாகவே காற்றில் இருக்கிறது. குளிர்ந்த கண்ணாடி ஒன்றில் பிடித்தால் மீண்டும் வெண்பொடியாகப் படியும். ஒரே பொருளுக்கு இரண்டு மறைவு: ஒன்று வேதி மாற்றம், மற்றது நிலைமாற்றம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாலும் நம் கண்ணை இப்படித்தான் சோதிக்கிறது.

துகள் என்று சொல்லிக்கொண்டே போகிறோமே, யார் பார்த்தார்கள்? நூற்றிருபது ஆண்டுக்கு முன்வரை பெரிய அறிவியலாளர்கள் சிலரே அணு என்பது கணக்குக்கு உதவும் கற்பனைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கில் வந்து நின்ற சாட்சிகளில் நம் ரப்பர் பாலும் ஒன்று. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

1827இல் இராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், பூந்தாதிலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் காரணமில்லாமல் துள்ளுவதை நுண்ணோக்கியில் கண்டார். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் வரும் ஆட்டம் அது என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார். 1908இல் பாரிசில் விக்டர் ஆன்ரி, அந்த ஆட்டத்தை நுண்ணோக்கி வழியே சினிமாக் கருவியால் படம் பிடித்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ரப்பர் பால். அமிலம் சேர்த்ததும் துகள்களின் ஆட்டம் மந்தமானதையும் அவர் கண்டார். ஆன்ரியின் அளவுகள் ஐன்ஸ்டைனின் கணக்கோடு ஒத்துவரவில்லை. கம்போடியாவின் பெயரைத் தாங்கிய காம்போஜ் என்ற மஞ்சள் மரப்பிசினைக் கரைத்து ழான் பெரன் எடுத்த அளவுகள் ஒத்துவந்தன. 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணு உண்டு என்று உலகம் நம்பியதற்குப் பின்னால் மரத்தைக் கீறி எடுத்த இரண்டு பொருள்கள் இருக்கின்றன.

அப்படியானால் ரப்பர் பால் என்பது என்ன? விடியுமுன் தலைவிளக்கோடு பால்மரக்காட்டுக்குள் போகிறோம். மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்கத் தொடங்கினால் ஒழுக்கு குறைந்துவிடும். உளி பட்டையைச் சீவ வேண்டும், அடியிலுள்ள வளர்படையில் படக்கூடாது. பட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு முடிச்சாகிவிடும். வடிந்து மங்கில் சேரும் வெள்ளைத் திரவத்தின் 100 பங்கில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் புரதம், சர்க்கரை, பிசின், தாது உப்புகள். அதனால்தான் பால் ஸ்டோரில் கிராணி மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்துக் கணக்கெழுதுவார். எடைக்குத் தண்ணீர் சேர்த்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ரப்பர் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. மிகச் சிறு உருண்டைகளாக மிதக்கிறது. பெரும்பாலான உருண்டைகள் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்த ஒரு பங்கைவிடச் சிறியவை. ஒவ்வோர் உருண்டையின் மேலும் புரதமும் கொழுப்பும் ஒரு மெல்லிய சட்டைபோல் போர்த்தியிருக்கின்றன. அந்தச் சட்டைக்கு எதிர் மின்னூட்டம். எல்லா உருண்டைக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் நெருங்கும்போது ஒன்றை ஒன்று தள்ளிவிடுகின்றன. அதனால் ஒட்டாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன. இப்படிப்பட்ட கலவைக்கு 1861இல் தாமஸ் கிரகாம் ஒரு பெயர் வைத்தார். பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். தமிழில் அதைக் கூழ்மம் என்கிறோம். கூழிலிருந்து கூழ்மம். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக் குடித்த பிள்ளைக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. கலைச்சொல் ஆக்கியவர் யாராக இருந்தாலும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்த மாணவன் கேட்டதற்குப் பதில். பாலில் அமிலம் விழும்போது அதன் நேர் மின்னூட்டம் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் உருண்டைகளின் எதிர் மின்னூட்டத்தை அணைத்துவிடுகின்றன. தள்ளும் விசை போனதும் உருண்டைகள் மோதி, சட்டை கிழிந்து, உள்ளிருக்கும் ரப்பர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது, ரப்பர் ரப்பராகவே இருக்கிறது. எதுவும் உருகவில்லை, எதுவும் உறையவில்லை. உருண்டைகள் விலகி நின்ற அமைப்புதான் குலைந்தது. சிதறிக் கிடந்தவை திரண்டன. மாறியது அதுதான்.

தொழிற்சாலையில் ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். செவ்வெறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம். எறும்பின் இலத்தீன் பெயரே அதற்கு வாய்த்தது. அந்தத் தொட்டிகளில் வேலை செய்தவர்களின் விரல் நுனியைப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். மங்கிலேயே விட்டுவிட்டால் அமிலம் ஊற்ற வேண்டியதில்லை. பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று நுண்ணுயிர்கள் தாமே அமிலம் உண்டாக்கும். மங்கில் திரண்ட கட்டிப்பாலுக்கும், வெட்டுத் தடத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்கும் அந்த நாற்றம் அதனால் வருகிறது. அம்மோனியா இதற்கு நேர்மாறான வேலை செய்கிறது: நுண்ணுயிர்களை அடக்கும், உருண்டைகளின் எதிர் மின்னூட்டத்தைக் காப்பாற்றும்.

இதே கதை உங்கள் வீட்டு அடுப்படியிலும் தினமும் நடக்கிறது. அம்மா பாலில் உறைமோர் விடுகிறார். மோரிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலம் ஆக்குகின்றன. பால் புரதம் மின்னூட்டம் இழந்து திரண்டு தயிராகிறது. ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? பால் உறைந்துவிட்டது என்கிறோம். வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைந்தது என்கிறோம். தேங்காய் எண்ணெய் உறைந்தது, தண்ணீர் உறைந்தது என்றும் சொல்கிறோம். நான்குக்கும் தமிழில் ஒரே சொல். மலாயிலும் மெம்பெக்கு என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. அந்தப் பையனை இரண்டு மொழியுமே அந்த விடைக்கு அழைத்துப் போயின. அவன் கவனக்குறைவால் எழுதவில்லை.

நம் ஊரில் குளம் உறைந்து யாரும் பார்த்ததில்லை. இங்கே கண்ணெதிரே உறைவதெல்லாம் தயிரும் மரப்பாலும்தான். பாடப்புத்தகம் குளம் உறையும் தேசங்களில் எழுதப்பட்ட வரிசையில் வந்தது. ஆகவே பிள்ளைகள் குழம்புவது இயல்பு. குழப்பத்தைத் தீர்க்க ஒரு சோதனை போதும்: சூடு காட்டுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். குளிர்சாதன அறையில் வெளுத்துப் போன புட்டியை வெயிலில் வைத்தால் மீண்டும் எண்ணெய்தான். அது நிலைமாற்றம். தயிரைச் சூடாக்கினால் பால் ஆகுமா? கட்டிப்பாலைக் காய்ச்சினால் மரத்தில் வடிந்த பால் திரும்புமா? அது திரளல். மலாய்ப் பாடநூல் இதற்கு இப்போது பெங்கும்பாலான் என்று தனிச்சொல் வைத்துப் பிரித்துவிட்டது. தமிழ் வகுப்பிலும் உறைதல், திரளல் என்ற இரண்டையும் முதல் நாளிலிருந்தே பிரித்துச் சொல்லுங்கள் என்று இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் பலர் மங்குகளையே பார்த்திருக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி வெகு காலமாயிற்று. செம்பனையிலும் பாடம் உண்டு. சமையல் எண்ணெய்ப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி முதலில் கலங்கும், மறுபகுதி திரவமாகவே கிடக்கும். பல கொழுப்புகளின் கலவை என்பதால் அதற்கு ஒரே உருகுநிலை கிடையாது. தூய பொருளுக்குத்தான் கூர்மையான உருகுநிலை.

திரண்ட பிறகாவது ரப்பர் ஒழுங்கான திடமா? திரண்டதை உருளையில் ஷீட்டாக அழுத்தி, புகைக்கூடத்தில் நாலைந்து நாள் உலர்த்தி எடுத்து அடுக்கிவைத்தால், நாளடைவில் அடியில் உள்ளவை மெல்லப் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே கட்டுகளின் மேல் வெண்பொடிக் கரைசல் பூசுவார்கள். அதாவது பச்சை ரப்பர் கண்ணுக்குப் புலப்படாத மெதுவான வேகத்தில் வழிகிறது. ரப்பரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான ஐசோப்பிரீன் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. கார்பன் 5, ஹைட்ரஜன் 8 என்ற அதன் விகிதத்தை 1826இலேயே மைக்கேல் பாரடே கண்டுபிடித்தார். நீண்ட சங்கிலிதான் என்று 1920களில் வாதிட்ட எர்மன் ஸ்டௌடிங்கரைப் பலர் நம்பவில்லை. 1953இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இந்தச் சங்கிலிகள் இடியப்பச் சிக்கல்போல் பின்னிக்கிடக்கின்றன, ஆனால் கட்டிப்போடப்படவில்லை. வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் விழுந்தன. அதன் பிறகு அது வழியாது, எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. கருகத்தான் செய்யும். டயருக்கு உருகுநிலை கிடையாது. பதப்படுத்தாத ரப்பரையே சுமார் கழித்தல் 70 பாகைக்குக் கீழே கொண்டுபோனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதையும் உறைதல் என்று சொல்ல முடியாது, துகள்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதில்லை. இருந்த கோலத்தில் அப்படியே அசைவு நின்றுபோகிறது. திடம், திரவம், வாயு என்ற மூன்று பெட்டிகளில் எதில் போடுவீர்கள் இதை?

வீட்டுக்குப் போய் ஒன்று செய்யுங்கள். அகலமான ரப்பர் பட்டை ஒன்றைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். தளரவிட்டு உடனே வையுங்கள், குளிரும். இங்கிலாந்தில் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப், பார்வையற்றவர், இதைத் தம் உதட்டால்தான் கண்டறிந்து 1805இல் வெளியிட்டார். அதே பட்டையில் எடை கட்டித் தொங்கவிட்டு வெந்நீர் ஊற்றினால் அது சுருங்கி எடையை மேலே தூக்கும். சூடுபட்டால் விரியும் என்று படித்த விதி எங்கே போயிற்று? சூடு ஏற ஏறச் சங்கிலிகள் சுருண்டு சிக்கலாகவே விரும்புகின்றன, அதனால் இழுபட்ட பட்டை சுருங்குகிறது. இரும்பில் அணுக்கள் விலகுகின்றன, இங்கே சங்கிலிகள் சுருள்கின்றன. துகள் என்ன செய்கிறது என்று கேட்டால் எந்த விதியும் மனப்பாடமாக வேண்டியதில்லை.

நேரமாகிவிட்டது. குவளைகளிடம் போவோம். வலப்பக்கக் குவளையைச் சாய்க்கிறேன், பால் அலைகிறது. இதை யாரும் முகத்தருகே கொண்டுபோக வேண்டாம், அம்மோனியா மூக்கைச் சுடும். இடப்பக்கத்தைக் கவிழ்க்கிறேன். விழவில்லை, பார்த்தீர்களா? ஐஸ் வைக்கவில்லை, அடுப்பு வைக்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் வாருங்கள். வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். விரலிடுக்கில் வடிகிறதே, கலங்கலாக, அது இவ்வளவு நேரமும் உள்ளேயே இருந்த தண்ணீர். மெதுவாகப் பிழியுங்கள், இன்னும் வரும்.